பத்திரமா இருக்குமாம்மா?

ஏழாவது செமஸ்டர்ல கிளவுட் செக்யூரிட்டி எலெக்டிவ் எடுத்திருந்தேன். அதுல ஒரு அசைன்மென்ட். ஏதாவது ஒரு கிளவுட் அக்கவுன்ட்ல இருக்கற ஸ்டோரேஜ் செட்டிங்ஸ் எல்லாம் பெஸ்ட் பிராக்டிஸ் படி இருக்கான்னு செக் பண்ணி ரிப்போர்ட் குடுக்கணும். "சொந்த அக்கவுன்ட்டா இருக்கணும், இல்லன்னா ஓனர்கிட்ட எழுத்துல பர்மிஷன் வாங்கணும். அடுத்தவங்க வீட்டுக் கதவைத் தள்ளிப் பாக்கக் கூடாது"ன்னு சார் கண்டிப்பா சொல்லிட்டார். பத்து மார்க். ஒரு மணி நேர வேலைன்னு நினைச்சேன். மூணு வாரம் ஆச்சு.

என் சொந்த அக்கவுன்ட்ல ஒண்ணுமே இல்ல. காலி அக்கவுன்ட்டை செக் பண்ணி என்ன ரிப்போர்ட் எழுதுறது? அப்பதான் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியம் அக்கவுன்ட் ஞாபகம் வந்துச்சு. என்னைக்கோ ஒரு சீனியர் ஏ.டபிள்யூ.எஸ்ல திறந்தது. ஹாஸ்டல்ல பாஸ்-அவுட் ஆகுற அக்கா விட்டுட்டுப் போற கயிறு, கெட்டில், பக்கெட் மாதிரி, வருஷா வருஷம் வெப் டீம் கை மாறி வர்ற அக்கவுன்ட். ரெண்டாம் வருஷத்துல நான்தான் வெப் டீம். இன்சார்ஜ் மேம்கிட்ட பர்மிஷன் லெட்டர் நீட்டினேன். "நம்ம சைட்டுதானே, அதுல என்னம்மா இருக்கப் போகுது?"ன்னு சொல்லிக்கிட்டே சைன் பண்ணிக் குடுத்தாங்க. எனக்கும் அதே நினைப்புதான்.

தெரியாதவங்களுக்காக ஒரு வரி. எஸ்3ங்கறது ஃபைல்களை வைக்கிற இடம். அமேசான் 2006ல ஆரம்பிச்சது. அதுல நாம உருவாக்குற ஒவ்வொரு பெட்டிக்கும் பேரு பக்கெட். பாத்ரூம் பக்கெட் ஜோக்கை எல்லாம் நாங்க ஏற்கனவே அடிச்சு முடிச்சிட்டோம், நீங்க சிரமப்பட வேண்டாம். ஒவ்வொரு பக்கெட்டுக்கும் யார் உள்ள வரலாம், யார் படிக்கலாம்னு செட்டிங்ஸ் இருக்கும். இந்த மாதிரி செட்டிங்ஸ் எப்படி இருக்கணும்னு சி.ஐ.எஸ்னு ஒரு அமைப்பு பெஞ்ச்மார்க் போட்டு வச்சிருக்கு. அந்தப் பட்டியலை வச்சுக்கிட்டு நம்ம அக்கவுன்ட்டைச் சுத்திப் பாக்கற ஓப்பன் சோர்ஸ் டூல்களும் இருக்கு. நான் எடுத்தது ப்ரௌலர். அதுக்குப் படிக்கிற பர்மிஷன் மட்டும் குடுத்தாப் போதும், எதையும் மாத்தாது. எஸ்3 மட்டும் பாருன்னு சொல்லி ஓட விட்டுட்டு மெஸ்ஸுக்குப் போயிட்டேன்.

திரும்பி வந்து பார்த்தா ஸ்க்ரீன்ல பச்சையும் சிவப்புமா வரிகள். என்க்ரிப்ஷன்: பாஸ். சந்தோஷம். அதுக்குக் கீழ வெர்ஷனிங்: ஃபெயில். ஆக்சஸ் லாக்: ஃபெயில். எச்.டி.டி.பி வழியா வர்றதைத் தடுக்கற பாலிசி: ஃபெயில். கடைசியா, பக்கெட் பப்ளிக்கா இருக்கு: ஃபெயில்.

ரூம்மேட் எட்டிப் பார்த்தா. "ஏய், சூப்பர்டி. ரிப்போர்ட்ல எழுத நிறைய இருக்கு!"

எனக்கு சூப்பரா தோணல. அந்த பக்கெட்டோட பேரைப் பார்த்ததும், அதை எந்த ராத்திரி, எந்த மூட்ல உருவாக்கினேன்னு எல்லாமே ஞாபகம் வந்துடுச்சு.

2024. சைட் லாஞ்சுக்கு முந்தின ராத்திரி ரெண்டு மணி. ஈவென்ட் போஸ்டர்களை பக்கெட்ல போட்டுட்டேன், ஆனா சைட்ல ஒரு படமும் வரல. போஸ்டரோட லிங்க்கைத் தட்டினா "ஆக்சஸ் டினைட்". யூட்யூப்ல ஒரு வீடியோ. 'பிளாக் ஆல் பப்ளிக் ஆக்சஸ்'னு இருக்கற டிக்கை எடுங்க, இந்த பாலிசியை காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணுங்க. எடுத்தேன். உடனே விட்டுடல அது. இதனால உள்ள இருக்கறதெல்லாம் வெளிய தெரியலாம்னு வார்னிங் காட்டி, ஒரு கட்டத்துல 'கன்ஃபர்ம்'னு டைப் பண்ணச் சொல்லுச்சு. ஏழு எழுத்து. டைப் பண்ணேன். பாலிசியில 'யாரு படிக்கலாம்'ங்கற இடத்துல ஒரு நட்சத்திரக் குறி. நட்சத்திரம்னா உலகத்துல இருக்கற எல்லாரும். பேஸ்ட் பண்ணேன். படம் வந்துடுச்சு. தூங்கப் போயிட்டேன்.

இதுல எனக்கு உறுத்தின விஷயம் ஒண்ணு இருக்கு. 2023 ஏப்ரல்லேர்ந்து புதுசா உருவாக்குற ஒவ்வொரு பக்கெட்டும் பூட்டியேதான் வரும். அதுக்கு முன்னாடியே, 2018லயே, இந்த பிளாக் வசதியைக் கொண்டு வந்துட்டாங்க. ஏன்னா அதுக்குள்ள நிறைய பட்டாச்சு. 2017ல அமெரிக்காவுல டீப் ரூட் அனலிடிக்ஸ்னு ஒரு கம்பெனி, கிட்டத்தட்ட 19.8 கோடி வாக்காளர்களோட விவரத்தை இதே மாதிரி திறந்த பக்கெட்ல வச்சிருந்துச்சு. பாஸ்வேர்டே தேவைப்படல. யாரும் எதையும் உடைக்கல. ஒரு செக்யூரிட்டி ஆராய்ச்சியாளர் பார்த்துச் சொன்னப்பதான் மூடினாங்க. இதை கிளாஸ்ல சார் சொன்னப்ப, "அவ்ளோ பெரிய கம்பெனிக்கு இதுகூடத் தெரியாதா?"ன்னு பெஞ்ச்ல சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தி. அவங்க காலத்துல அந்தப் பாதுகாப்பு வசதியாவது கிடையாது. என் காலத்துல பூட்டு தானா போட்டிருந்துச்சு. நான் வார்னிங்கைப் படிச்சு, எழுத்துக் கூட்டி டைப் பண்ணித் திறந்தேன்.

போஸ்டர் வெளிய தெரிஞ்சா என்ன, தெரியத்தானே போஸ்டர்? சரிதான். ஆனா அந்த பக்கெட்ல போஸ்டர் மட்டும் இல்ல.

லாஞ்ச் ஆகி ரெண்டு வாரம் கழிச்சு, வெளியூர் பொண்ணுங்களுக்கு லேடீஸ் ஹாஸ்டல்ல தங்க இடம் குடுக்கறதா முடிவாச்சு. வார்டன் மேம் ஆதார் காப்பி கேட்டாங்க. கூகுள் ஃபார்ம்ல ஃபைல் அப்லோட் வச்சா லாகின் கேக்கும், அதுக்கே பாதிப் பேரு ஓடிடுவாங்கன்னு நம்ம சைட்லயே ஒரு ஃபார்ம் போட்டேன். ஃபைல் எங்க போகணும்? புது பக்கெட் எதுக்கு, இருக்கறதுலயே ஒரு ஃபோல்டர் போட்டுடலாம். போட்டேன். ஃபோல்டர்தான் புதுசு, அதுக்கு மேல இருக்கற பாலிசி பழசு. கல்யாண வீட்டுல பந்தி நடக்கற ஹால்லயே நகைப் பெட்டியையும் வச்ச மாதிரி.

அந்த ஃபார்ம் போட்ட வாரம் என் நம்பருக்கு ஒரு ஃபோன் வந்துச்சு. தேனி பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா. பொண்ணு முதல் தடவையா தனியா வெளியூர் வர்றா. பஸ் எங்க நிக்கும், ராத்திரி கேட் எத்தனை மணிக்கு மூடுவாங்க, எல்லாம் கேட்டாங்க. கடைசியா, "ஆதாரெல்லாம் நெட்டுல ஏத்தச் சொல்றீங்களே, பத்திரமா இருக்குமாம்மா?"

"அதெல்லாம் ரொம்ப சேஃப் ஆன்ட்டி. ஃபுல்லா என்க்ரிப்டட்."

பொய் சொல்லல. என்க்ரிப்ஷனுக்கு ப்ரௌலரே பச்சை போட்டிருக்கே! 2023 ஜனவரிலேர்ந்து எஸ்3ல புதுசா போடுற எல்லா ஃபைலும் தானாவே என்க்ரிப்ட் ஆகிடும். ஆனா அந்த என்க்ரிப்ஷன், டிஸ்க்கைத் தூக்கிட்டுப் போற திருடனுக்குத்தான். படிக்க அனுமதி இருக்கறவங்க கேட்டா எஸ்3யே பிரிச்சுக் குடுத்துடும். நாமதான் நட்சத்திரம் போட்டு உலகத்துக்கே அனுமதி குடுத்துட்டோமே. பேங்க் லாக்கர் கெட்டியாதான் இருக்கு, ஆனா யார் வந்து கேட்டாலும் மேனேஜரே திறந்து எடுத்து நீட்டுறார்.

சரி, உண்மையிலேயே வெளிய தெரியுதான்னு பாக்கணும். ஃபார்ம் டெஸ்ட் பண்றதுக்காக அன்னைக்கு முதல் என்ட்ரியா என் ஆதாரையே போட்டிருந்தேன். அப்லோட் ஆனதும் ஃபைலோட லிங்க் மெயில்ல வரும். அந்தப் பழைய மெயிலைத் தேடி எடுத்து, காலேஜ் வைஃபையை ஆஃப் பண்ணிட்டு, ஃபோன்ல இன்காக்னிட்டோவுல திறந்தேன். பதினோராம் வகுப்புல எடுத்த என் போட்டோ, அப்பா பேரு, வீட்டு விலாசம், பன்னெண்டு நம்பரும் அப்படியே வந்து நின்னுச்சு.

மனசுக்குள்ள இன்னும் ஒரு நம்பிக்கை. அந்த பாலிசி ஃபைலைப் படிக்கத்தான் அனுமதி குடுக்குது, என்னென்ன ஃபைல் இருக்குன்னு பட்டியல் எடுக்க அனுமதி குடுக்கல. லிங்க் தெரியாம யாரும் எடுக்க முடியாதே? அப்பறம்தான் லிங்க்கோட கடைசியைப் பார்த்தேன். 001. பதிவு எண்ணையேதான் ஃபைல் பேரா வச்சிருந்தேன். ஒண்ணை அழிச்சிட்டு ரெண்டு போட்டேன். வேற ஒரு பொண்ணோட முகம் பாதி லோடாகும்போதே மூடிட்டேன். மூணு போட்டுப் பாக்கல. பாக்க எனக்கு உரிமை இல்ல.

பதிவு பண்ண ஒவ்வொருத்தர் கையிலயும் அந்த மாதிரி ஒரு லிங்க் இருக்கு. கடைசி நம்பரை மாத்திப் பாக்கணும்னு ஒருத்தருக்குத் தோணினாப் போதும். அடுத்த வருஷ ஜூனியர்களும் அதே ஃபார்மைத்தான் யூஸ் பண்ணியிருந்தாங்க. ரெண்டு வருஷமும் சேர்த்து 112 ஆதார் காப்பி.

அடுத்த கேள்வி, யாராவது பார்த்தாங்களா?

இதுக்குப் பதில் சொல்ல வேண்டியது லாக். யார், எந்த நேரத்துல, எந்த ஃபைலைக் கேட்டாங்கன்னு எழுதி வைக்கிற வசதி எஸ்3ல இருக்கு. ஆனா தானா ஆன் ஆகாது, நாமதான் போடணும். நான் போடல. கிளவுட்ட்ரெயில்ல 90 நாள் ஹிஸ்டரி சும்மாவே கிடைக்கும், ஓடிப் போய்ப் பார்த்தேன். செட்டிங்கை யார் மாத்தினாங்கங்கற மாதிரி விஷயம்தான் அதுல இருக்கும். ஒரு ஃபைலை யார் படிச்சாங்கங்கறது தனியா ஆன் பண்ணாத்தான் பதிவாகும். கடைசியா பில்லிங் பக்கம். மாசம் எத்தனை ரிக்வெஸ்ட் வந்துச்சுன்னு அங்க இருக்கு. சிம்போசியம் மாசத்துல ஏகப்பட்டது. மே, ஜூன் லீவுலயும் கொஞ்சம் இருந்துச்சு. சைட்ல போஸ்டரைப் பார்த்தவங்களா, ஏதாவது பாட்டா, இல்ல 037, 038ன்னு யாராவது எண்ணிக்கிட்டுப் போனாங்களா? எல்லாத்தையும் ஒரே பக்கெட்ல போட்டதால பிரிச்சுப் பாக்கவே வழியில்ல. இன்னைக்கு லாக்கை ஆன் பண்ணா இன்னையிலேர்ந்துதான் எழுதும். போன ரெண்டு வருஷத்தை எழுதாது.

முதல்ல மூடினேன். அக்கவுன்ட் மொத்தத்துக்கும் பப்ளிக் ஆக்சஸ் பிளாக். காசு கிடையாது, அரை நிமிஷ வேலை. திரும்ப இன்காக்னிட்டோவுல என் லிங்க்கைத் தட்டினேன். "ஆக்சஸ் டினைட்." ரெண்டு வருஷம் முன்னாடி என்னைக் கடுப்பேத்தின அதே ரெண்டு வார்த்தை. அப்பதான் மூச்சே வந்துச்சு. அஞ்சு நிமிஷத்துல ஜூனியர் ஃபோன். "அக்கா, சைட்ல ஒரு போட்டோவும் வரல!" வராதுடா தம்பி, அப்பறம் சொல்றேன்னு வச்சிட்டேன்.

ரூம்மேட் நல்ல எண்ணத்துலதான் சொன்னா. "மூடிட்ட இல்ல? ஃபைலையும் அழிச்சிடு. ரிப்போர்ட்ல ஃபெயில் இருந்துச்சு, சரி பண்ணிட்டோம்னு எழுது. யாருக்குடி தெரியப் போகுது?"

ராத்திரி முழுக்க அதைத்தான் யோசிச்சேன். உண்மையிலேயே யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ரிப்போர்ட்டுக்குப் பத்துக்குப் பத்து கிடைச்சிருக்கும். ஆனா காலையில எழுந்ததும் காதுல கேட்டது தேனி ஆன்ட்டி குரல். நான் குடுத்த வார்த்தைக்குத்தான் அவங்க ஆதாரை ஏத்தினாங்க, ஏ.டபிள்யூ.எஸ்ஸை நம்பி இல்ல.

மேம்கிட்ட போய்ச் சொன்னேன். முகமே மாறிடுச்சு. ஹெச்.ஓ.டி, காலேஜ் பேரு, எல்லாம் அவங்க கண்ணு முன்னாடி ஓடியிருக்கும்.

"யாராவது எடுத்தாங்கன்னு ப்ரூஃப் இருக்கா?"

"இல்ல மேம். எடுக்கலன்னும் ப்ரூஃப் இல்ல."

ரெண்டு நாள் அவங்க பதில் சொல்லல. மூணாவது நாள் கூப்பிட்டு, "மெயில் டிராஃப்ட் பண்ணிக் கொண்டு வா. சுத்தி வளைக்காத"ன்னாங்க. அந்த ஒரு விஷயத்துக்காக மேம் மேல எனக்கு இன்னைக்கும் பெரிய மரியாதை.

மெயில்ல நாலே விஷயம். என்ன ஆச்சு, எந்த மாசத்துலேர்ந்து எந்த மாசம் வரைக்கும், இப்ப என்ன பண்ணிட்டோம், நீங்க என்ன பண்ணலாம். கடைசி விஷயத்துக்கு யு.ஐ.டி.ஏ.ஐ சைட்லயே வழி இருக்கு. கைரேகையை லாக் பண்ணி வைக்கலாம், நம்ம ஆதார் எங்கெல்லாம் யூஸ் ஆகியிருக்குன்னு ஹிஸ்டரி பாக்கலாம். இனிமே யார் கேட்டாலும் கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதாரைக் குடுங்கன்னும் எழுதினேன்.

நிறைய பேர்கிட்டேர்ந்து பதிலே இல்ல. சில பேர் தேங்க்ஸ் சொன்னாங்க. ஒரு பொண்ணு ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தா. "சிம்போசியம் முடிஞ்ச அன்னைக்கே ஏன் அழிக்கல?" அந்தக் கேள்வியை ப்ரௌலர் என்கிட்ட கேக்கல. கேக்கவும் முடியாது. சொல்லப் போனா வெர்ஷனிங் ஆன் பண்ணலன்னுதான் அது ஃபெயில் போட்டுச்சு. நல்ல வேளை, அதை மட்டும் கண்ணை மூடிக்கிட்டு நான் கேக்கல. வெர்ஷனிங் இருந்தா சாதாரணமா டெலீட் பண்ற ஃபைல் உண்மையில போகாது, பழைய வெர்ஷனா உள்ளயே இருக்கும். ப்ராஜெக்ட் கோடுக்கு அது வரம். முடிஞ்சு போன ஈவென்ட்டோட ஆதாருக்கு அது வம்பு. ஆதாருக்கு வேணுங்கறது இத்தனை நாள் கழிச்சுத் தானா அழிஞ்சு போகுற லைஃப்சைக்கிள் ரூல். கதவு திறந்திருக்கா, மூடியிருக்கான்னு டூல் சரியா சொல்லும். உள்ள இருக்கறது போஸ்டரா, ஒரு பொண்ணோட வீட்டு விலாசமான்னு உள்ள வச்ச எனக்குத்தான் தெரியும்.

தேனி ஆன்ட்டிக்கு நானே ஃபோன் பண்ணேன். ஃபார்ம்ல எமர்ஜென்சி நம்பர்னு அவங்க நம்பர்தான் இருந்துச்சு. அதையும் அழிக்கறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை யூஸ் பண்ணேன். பக்கெட், பாலிசின்னு எதுவும் சொல்லல. "ஆன்ட்டி, அன்னைக்கு ஏத்தின ஆதாரை நாங்க பூட்டாம வச்சிட்டோம். வெளி ஆளு பார்த்திருக்கலாம், பாக்காமலும் இருக்கலாம். எங்களால கண்டுபிடிக்க முடியல."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "இப்ப எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டோம் ஆன்ட்டி."

"அன்னிக்குப் பேசுன பொண்ணு நீதான?"

"ஆமா."

"ம். இனிமே புள்ளைககிட்ட இதெல்லாம் வாங்காதீக." வச்சிட்டாங்க. திட்டியிருந்தா பரவாயில்லன்னு இருந்துச்சு.

இந்த வருஷ சிம்போசியம் சைட்டை ஜூனியர்களோட உக்காந்து மாத்தினோம். போஸ்டருக்குத் தனி பக்கெட், அதுவும் நேரா திறக்காம கிளவுட்ஃப்ரன்ட் வழியாத்தான் வரும். பேமென்ட் ஸ்க்ரீன்ஷாட்டுக்குத் தனி பக்கெட், யாருக்கும் திறக்காது. டீம்ல ஒருத்தர் பாக்கணும்னா பத்து நிமிஷத்துல காலாவதி ஆகுற ப்ரீசைன்டு லிங்க். ஃபைல் பேரு வரிசை எண் இல்ல, யாராலயும் ஊகிக்க முடியாத நீள எழுத்து. லாக் முதல் நாளே ஆன். 30 நாள்ல எல்லாம் தானா அழியும். ஆதார் கேக்கறதே இல்ல. வார்டன் மேம்கிட்ட பேசினதுல, கேட்ல காலேஜ் ஐடியைக் கண்ணால பார்த்தாலே போதும்னு ஒத்துக்கிட்டாங்க. இதை ரெண்டு வருஷம் முன்னாடியே போய்க் கேட்டிருக்கலாம்.

கை மாத்திக் குடுக்கற டாக்குமென்ட்ல இப்ப ஒவ்வொரு பக்கெட்டுக்கும் மூணு வரி எழுதி வச்சிருக்கோம்: உள்ள என்ன இருக்கு, அது யாரோடது, என்னைக்கு அழியணும். "அக்கா, இதை செக் பண்ண டூல் இல்லையா?"ன்னு தம்பி கேட்டான். இல்லடா, செமஸ்டருக்கு ஒரு தடவை நீதான் உக்காந்து படிக்கணும்னேன். மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டான்.

இதைப் படிக்கற உங்கள்ல பாதிப் பேராவது மினி ப்ராஜெக்ட்டுக்கோ, கிளப் சைட்டுக்கோ, ஹேக்கத்தானுக்கோ எங்கயாவது ஒரு பக்கெட்டைத் திறந்து வச்சிட்டு மறந்திருப்பீங்க. இன்னைக்கு ராத்திரி ஒரு தடவை உள்ள போய்ப் பாருங்க. அதுல இருக்கற ஒரு ஃபைலோட லிங்க்கை இன்காக்னிட்டோவுல தட்டுங்க. திறந்துச்சுன்னா முதல்ல மூடுங்க, அப்பறம் அது யாரோட ஃபைல்னு பாருங்க. ஃபோன் பண்ண வேண்டியிருந்தா பண்ணிடுங்க. நேரமாக ஆக அந்த நம்பரை டயல் பண்றது இன்னும் கஷ்டமாகும், அனுபவத்துல சொல்றேன்.